கட்டைவிரலுக்கு ஆறு வாரம் லீவு

1. மூன்று கறுப்புப் பொட்டு

ஆபீசர் என் வலது கட்டைவிரலைப் பிடித்து மையில் உருட்டினார். பாரத்தில் வைத்து அழுத்தினார். குனிந்து பார்த்தார். மறுபடியும் உருட்டி அழுத்தினார். மூன்றாவது தடவை கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். பாரத்தில் மூன்று கறுப்புப் பொட்டு இருந்தது. கோடு என்று ஒன்றுகூட இல்லை.

"தாக் அடா," என்றார். மலாயில் இல்லை என்று அர்த்தம். ரேகை இல்லையாம்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. என் பெயர் பாவாயி. ராசிபுரத்துப் பக்கம் பிறந்து, ஒன்பது வயதில் மாமனோடு கப்பலேறி வந்தவள். மலேசியாவின் கேமரன் மலையில், ரிங்லெட்டுக்கு மேலே இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து கிள்ளினேன். என் வீட்டுக்காரர் மாரிமுத்து அதே தோட்டத்து லைன் வீட்டில் பிறந்தவர். அவருக்கு நீலக் கார்டு. இங்கேயே பிறந்ததால் பிள்ளைகள் இரண்டு பேரும் இந்த நாட்டுப் பிள்ளைகள். வீட்டில் எனக்கு மட்டும் சிவப்புக் கார்டு. நீலம் என்றால் குடிமகன், சிவப்பு என்றால் வந்தவன்.

"மூணு பேரு வீட்டுக்காரங்க, ஒருத்தி விருந்தாளி. பாத்து நடந்துக்க," என்று மாரிமுத்து கிண்டல் பண்ணுவார். விருந்தாளிக்கு யார் சோறு ஆக்கிப் போடுகிறார்கள் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

பிறகு சட்டம் வந்தது. சிவப்புக் கார்டுக்காரர்கள் வேலை செய்யப் பெர்மிட் வேண்டும் என்றார்கள். பெர்மிட் முடிந்த பல பேர் மூட்டை கட்டி ஊருக்குக் கப்பல் ஏறினார்கள். எங்கள் லைனிலேயே இரண்டு வீடு காலியானது. எனக்கு ஊரில் யாரும் கிடையாது, மாமனும் இங்கேதான் செத்தார். என் பெர்மிட்டுக்கு இன்னும் கொஞ்ச மாதம்தான் பாக்கி. அதற்குள் நீலக் கார்டுக்கு மனு போட்டால் இருக்கலாம். மனுவில் கையெழுத்துப் போட எனக்கு அப்போது எழுத்துத் தெரியாது. என்னிடம் இருந்தது கட்டைவிரல்தான். அதில்தான் ஒன்றும் இல்லை.

2. தேய்த்த கதை

தப்பு என்னுடையதுதான். சொல்லிவிடுகிறேன்.

எங்கள் டிவிஷனில் கொழுந்து கிள்ளுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. நானே சொல்கிறேன் என்று பார்க்காதீர்கள். சந்தேகம் இருந்தால் விசாரித்துக்கொள்ளுங்கள், விசாரிக்க ஆள் மிச்சம் இருந்தால். அப்படிக் கிள்ளுகிற கைக்கு ஒரு குறை உண்டு. கொழுந்துச் சாறு ஏறி விரலெல்லாம் கறுத்துக் கிடக்கும். கல்யாண வீட்டுக்குப் போனால் முந்தானைக்குள் கையை ஒளித்துக்கொள்வோம்.

கவர்மெண்டு ஆபீசுக்கு இந்தக் கையோடு போவதா என்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மூன்று நாள் தேய்த்தேன். எலுமிச்சம் பழம் போட்டுத் தேய்த்தேன், சாம்பல் போட்டுத் தேய்த்தேன். கடைசியில் குதிகால் தேய்க்கிற கல்லை எடுத்தேன்.

"கறைய எடுக்கிறியா, கையவே எடுக்கிறியா?" என்றார் மாரிமுத்து.

"உங்களுக்கென்ன, நீலக் கார்டு. கரி கையோட போனாலும் நாற்காலி போடுவாங்க," என்றேன்.

கிள்ளிக் கிள்ளி ஏற்கெனவே தேய்ந்திருந்த விரல். மிச்சம் இருந்த கோட்டையும் கல் சாப்பிட்டுவிட்டது. நான் மூன்று நாள் பாடுபட்டு வெளுத்த விரலில் அந்த ஆபீசர் செய்த முதல் வேலை என்ன தெரியுமா? கறுப்பு மையைப் பூசினார்.

விரலை என்ன செய்தாய் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த மலாய் எல்லாம் பிரிஞ்சாங் சந்தையில் காய்கறி பேரம் பேசிக் கற்றது. அதனால் கையாலேயே தேய்த்துக் காட்டினேன். அவர் சிரிப்பை மீசைக்குள் வைத்துக்கொண்டு, தோல் வளர வேண்டும், இலை கிள்ளாதே, மூன்று மாதம் கழித்து வா என்றார்.

மூன்று மாதம் என்றதும் சந்தை வாய் தானாகத் திறந்துகொண்டது. "கொராங் சிக்கிட் லா," என்றேன். கொஞ்சம் குறைத்துக் கொடுங்கள் என்று முட்டைக்கோசுக்குச் சொல்வது.

பக்கத்து மேசைக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார். ஆபீசர் மேசையைத் தட்டிச் சிரித்தார். "ஆறு வாரம். அதுக்கு மேல குறைக்க முடியாது," என்றார் மலாயில்.

வெளியே பெஞ்சில் இருந்த மாரிமுத்து, "என்னா ஆச்சு?" என்றார்.

"நான் பாஸு. வெரலு பெயிலு."

3. கத்திரி

கிள்ளாமல் தோட்டத்தில் என்ன வேலை செய்வது? இங்கேதான் என் வாய் எனக்கு வைத்திருந்த வினை.

அதற்கு ஒரு மாதம் முன்புதான் தோட்டத்துக்குக் கத்திரி வந்திருந்தது. இரண்டு கை நீளக் கத்திரி. வெட்டின இலை விழ ஒரு பக்கம் பெட்டி வைத்திருக்கும். ஆள் குறைந்துபோனதால் எல்லோரும் இதில் வெட்டுங்கள் என்றார் துரை. காலையில் பேர் கூப்பிடும் பெரட்டில் நான்தான் முன்னால் போய் நின்று, "தேயிலைக்குக் கிராப் வெட்டவா நாங்க வந்தோம்? மாரியாத்தா மேல சத்தியமா இதைத் தொட மாட்டேன்," என்றேன். பெண்கள் எல்லோரும் என் பக்கம் நின்றார்கள். கத்திரிகள் ஸ்டோருக்குத் திரும்பிப் போயின.

இப்போது பழனி கங்காணியிடம் போய் நின்றேன்.

"கங்காணி, புள்ளக் கொட்டகையில ஆயா வேலை இருந்தா ஆறு வாரம் பாக்குறேன்."

"அங்க ரெண்டு ஆயா இருக்கு. நீ போனா புள்ளைங்க ஓடிப்போயிரும் லா."

"புல்லு வெட்டுறேன்."

"அதுக்கும் ஆளு இருக்கு. வெரலுக்கு வேலை இல்லாத வேலை ஒண்ணுதான் இருக்கு பாவாயி. உனக்கே தெரியும்." பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். "நாளைக்குப் பெரட்டுல வந்து கேளு. எல்லாரும் இருக்கும்போது கேளு."

அன்று சாயங்காலம் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். "ஆத்தா, தொட மாட்டேன்னுதான் சொன்னேன். துணியச் சுத்திக்கிட்டுப் புடிச்சா தொட்டதா ஆகாது," என்று எடுத்துச் சொன்னேன். அவள் ஒன்றும் மறுக்கவில்லை.

காலையில் கை இரண்டிலும் பழைய சேலைத் துணியைச் சுற்றிக்கொண்டு முன்னால் போனேன்.

"கங்காணி, அந்தக் கத்திரியக் குடுங்க."

"காதுல விழல."

"கத்திரியக் குடுங்கன்னேன்!"

எனக்குப் பக்கத்து வரிசையில் கிள்ளுகிற வீரம்மா, "ஏண்டி, மொட்டை போடப் போறியா?" என்றாள்.

"ஆமா. உன் வரிசையிலேருந்துதான் ஆரம்பிக்கப் போறேன்."

முதல் நாள் வெட்டியதில் பாதி காம்பு, பாதி முற்றல். பேக்டரியில் இருந்து ஏச்சு வந்தது. தோள் இரண்டும் விட்டுப்போயின. மாரிமுத்து தைலம் தேய்த்துக்கொண்டே, "விருந்தாளிக்கு ரொம்ப வேலை குடுக்கிறாங்க," என்றார். மூன்றாவது வாரத்தில் கத்திரி என் சொல் கேட்டது. கை மட்டும் கேட்கவில்லை. நல்ல கொழுந்தைக் கண்டால் துணிக்குள் விரல் துடிக்கும். ஒரு நாள் தெரியாமல் ஒன்றைக் கிள்ளிவிட்டேன். "ஆபீசருக்கு ஆள் அனுப்பவா?" என்று வீரம்மா மலை எதிரொலிக்கக் கத்தினாள்.

தினமும் பெரட்டில் கங்காணி கேட்பார்: "கோடு வந்துச்சா?" நான் விரலைக் காட்டுவேன். கணக்கு எழுதும் கிராணி பூதக்கண்ணாடி கொண்டுவந்து பார்த்தார். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் சிவப்புக் கார்டு வைத்திருந்த பெண்கள் மட்டும் சிரிக்காமல் எட்டிப் பார்த்ததை நான் கவனித்தேன். அவர்களுக்கும் அதே விரல்தானே. நாலாவது வாரம் வீரம்மா, கங்காணியிடம் மெல்லப் போய், "எனக்கும் ஒண்ணு குடுங்க," என்றாள். அவளுடையதும் சிவப்பு. அடுத்த வாரத்துக்குள் ஏழு பேர் கையில் கத்திரி.

துரைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தான் பேசின பேச்சில்தான் எங்கள் மனம் மாறியது என்று கிளப்பில் சொன்னாராம். நாங்கள் மறுத்துப் பேசவில்லை.

4. அடா

ஆறு வாரம் முடிந்து போனேன். இந்தத் தடவை கையைத் தேய்க்கவில்லை, முகம்கூட அரைகுறையாகத்தான் கழுவினேன். ஆபீசர் விரலை உருட்டினார், அழுத்தினார்.

பாரத்தில் சுழிச் சுழியாக ஒரு கட்டைவிரல் உட்கார்ந்திருந்தது.

"அடா," என்றார். இருக்கிறது.

நீலக் கார்டு வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. வந்த அன்று அதை மாரிமுத்து முன்னால் வைத்து, "இன்னைக்கு நீங்க சோறாக்குங்க, நான் வீட்டுக்காரி," என்றேன். ஆக்கினார். குழைந்துபோயிருந்தது, சாப்பிட்டோம். ஏழு பெண்களில் ஆறு பேருக்குப் பிறகு நீலம் கிடைத்தது. வீரம்மாவின் மனு மட்டும் திரும்பி வந்தது. அவள் கப்பல் ஏறின அன்று கத்திரியை என்னிடம்தான் கொடுத்துவிட்டுப் போனாள். "மொட்டை போடுறதுன்னா ஒழுங்காப் போடுடி," என்றாள்.

கத்திரியைத் திருப்பிக் கொடுக்கத் துரை என்னை விடவேயில்லை. ரிட்டையர் ஆகும்வரை வெட்டினேன். எண்பதுகளில் முதியோர் வகுப்பில் எழுத்துக் கற்றுக்கொண்டேன், இனி விரலை நம்பக் கூடாது என்று. இதை எழுதுவதும் அந்த எழுத்தில்தான்.

இன்றைக்கு வேறு தேசங்களில் இருந்து பெர்மிட்டில் வந்து இதே லைனில் இருக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். ஆபீசுக்குப் போகும்போது கையைத் தேய்க்காதீர்கள். நான் தேய்த்ததால் என்ன ஆனது பாருங்கள். இந்த மலையில் அத்தனை வருஷம் கொழுந்து கிள்ளின விரல், ஆள் இல்லை என்று ஆகிப்போனது. ஆறு வாரம் ஒரு கொழுந்து தவிர எதையும் கிள்ளாத விரலைப் பார்த்துத்தான் கவர்மெண்டு இவள் நம்ம ஆள் என்றது.

அந்த ஒரு கொழுந்தை அவர்களிடம் நான் சொல்லவில்லை.