நெட்டா ஏற்காத பலகை

சனிக்கிழமை தோறும், நிலக்கரியிலிருந்து ஊருக்கு வாயு எடுத்த பழைய கேஸ் ஆலையின் பூட்டைத் திறப்பது முப்பது வருடமாக நெட்டா பர்விஸின் வேலை. சம்பளம் கிடையாது. பதினைந்து வயதில் கம்பளி மில்லுக்குப் போனவள். சங்கத்தில் சேர்ந்து மேஸ்திரிகளின் தூக்கத்தைக் கெடுத்தவள். ஊர் நூலகத்தில் அவள் புரட்டாத அலமாரி இல்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தேவாலயத்துக்கும் போவதில்லை.

அவள் அப்பா ஆடம் இந்த ஆலையில் உலைக்கு நிலக்கரி அள்ளிப் போட்டவர். உலை அணைந்து, ஆலை அருங்காட்சியகமான பிறகும், அவர் நின்று தேய்ந்த செங்கல்லை அவள் மிதிக்காமல் தாண்டுவாள்.

அன்று வாயுவைச் சுத்தம் செய்யும் கொட்டகையின் வாசலில் ஒரு புதுப் பலகை சாய்ந்திருந்தது. 'கக்குவான் இருமல் வந்த எத்தனையோ குழந்தைகளை இந்தக் காற்று குணமாக்கியது.' பக்கத்தில் அருங்காட்சியகக் குழுத் தலைவர் ஹெக்டர் லேட்லா, கையில் சுத்தியலோடு நின்றார். இருவருக்கும் பள்ளிக்கூடத்திலிருந்தே பழக்கம்.

"இத மாட்டுனா சாவிய நீயே வெச்சுக்கோ. நான் இனிமே வரமாட்டேன்," என்றாள் நெட்டா.

"காலங்காத்தாலயே ஆரம்பிச்சிட்டியா? நானே சாட்சிம்மா. அஞ்சு வயசுல எங்கம்மா என்னை இங்கதான் தூக்கிட்டு வந்தா. செத்தா போனேன்? எழுபத்தேழு ஆகுது."

"இது மருந்துன்னா எங்கப்பா நூறு வயசு இருந்திருக்கணும்யா. இருபத்தாறு வருஷம் இதைத்தானே குடிச்சாரு! அம்பத்திரண்டுல இருமி இருமியே போனாரு. சிகரெட்டாலன்னு எழுதிட்டான் கம்பெனி டாக்டர். அவரு சிகரெட்டைத் தொட்டதே இல்ல."

ஹெக்டர் சுத்தியலைக் கீழே வைத்தார்.

"அப்ப எங்கம்மா முட்டாளா?"

"இல்ல. டாக்டருக்குக் குடுக்கக் காசில்லாதவ. இந்தக் காத்து மருந்துன்னு சொல்லி அவளை இங்க அனுப்பினவங்களைத்தான் குத்தம் சொல்றேன்."

அவர் குனிந்து பலகையை இன்னொரு முறை படித்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "அந்தக் குளிர்காலத்துல எங்க வீட்டுச் சுவத்துல ஈரம் வழிஞ்சு தண்ணியா ஓடும். இங்க சூடா இருந்துச்சு. காத்தெல்லாம் எனக்கு ஞாபகமில்ல, நெட்டா. நாத்தம்தான். உங்கப்பா உலை விளிம்புல சுட்ட உருளைக்கிழங்க உடைச்சு, ஊதி ஊதி, கையில வெப்பாரு. இருமலோட வந்தது நாங்க நாலு பிள்ளைங்க. ஆளுக்கொண்ணு. அது ஞாபகமிருக்கு."

"நாலா?"

"நாலு."

நெட்டா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். அம்மா தினமும் அப்பாவின் சாப்பாட்டு டப்பாவில் வைத்தனுப்பியது நாலு கிழங்கு. அந்தக் குளிர்காலம் முழுக்க அப்பா வேலை முடிந்து வந்ததும் நின்றபடியே காய்ந்த ரொட்டியைப் பிய்த்துத் தின்பார். "வயிறா, கிணறா?" என்று அம்மா திட்டுவாள். அவர் சிரிப்பார். ஏழு வயது நெட்டா ஒருநாள் அவர் வருவதற்குள் ரொட்டியை ஒளித்து வைத்தாள். அன்றும் சிரித்தார்.

ஹெக்டர் அவள் தோளில் கை வைத்தார். பிறகு பலகையைத் திருப்பிப் போட்டு, பெயின்ட்டையும் தூரிகையையும் கொண்டுவந்து கொடுத்தார்.

நெட்டா எழுதினாள்: 'கக்குவான் வந்த குழந்தைகள் இங்கே சூட்டுக்காக உட்கார்ந்திருந்தார்கள். காற்று யாரையும் குணமாக்கவில்லை. உலைத் தொழிலாளி ஆடம் பர்விஸ் தன் சாப்பாட்டை அவர்களுக்குக் கொடுத்தார். ஐம்பத்திரண்டு வயதில் நுரையீரல் கெட்டு இறந்தார்.'

"உப்பு போட்டுத்தான் குடுப்பாரு," என்றார் ஹெக்டர். "அதையும் எழுது."

"இடமில்லைய்யா."

சொல்லிவிட்டு, ஓரத்தில் பொடி எழுத்தில் அதையும் எழுதினாள்.