தம்பி தலைமாட்டுக் கத்தி

என் அப்பாவுக்கும் அவருடைய கூட்டாளிகள் இரண்டு பேருக்கும் இடது முன்கையில் முடி கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் எங்கள் வாசலில் கூடி, தங்கள் மடக்குக் கத்திகளை அந்தக் கையில்தான் சோதித்துப் பார்ப்பார்கள். தண்ணீர் தொடாமல் மழித்தால் கத்தி தேறியது. கல்யாண வீடுகளுக்குப் போகும்போது முழுக்கைச் சட்டை போடச் சொல்லி அம்மா கெஞ்சுவாள்.

அப்பாவுக்கு ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் ஃபிட்டர் வேலை. சித்தப்பா லேத்துப் பட்டறை வைத்திருந்தார். மூன்றாமவர் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர், பஸ் கண்டக்டர். சொந்தம் இல்லையென்றாலும் எங்களுக்கு அவர் மாமா. அலகு ஆடுகிறதா, மடக்குகிற வில் இறுக்கமா, பிடி கைக்குள் அடங்குகிறதா என்று பெண் பார்க்கப் போனவர்களைப் போல ஆராய்வார்கள். சித்தப்பாவிடம் இருந்தது பித்தளைப் பிடி போட்டது. மாமா தன் பயணிகளிடம் பேசிப் பேசியே விதவிதமாக வாங்கிவிடுவார். அப்பாவின் கத்தி மட்டும் கடைச் சரக்கு இல்லை. மில்லில் ஒடிந்த ரம்பப் பட்டையை அரத்தால் ராவி ராவி அவரே அலகு செய்து, எருமைக் கொம்பில் பிடி போட்டிருந்தார்.

கடைசிப் பரீட்சை நூல். துணி காயப்போடும் கொடியிலிருந்து ஒற்றை நூலைத் தொங்கவிட்டு, கீழ் முனையைப் பிடிக்காமல் ஒரே வீச்சில் அறுக்க வேண்டும். சுமாரான கத்தியென்றால் நூல் அலகோடு ஆடிப் போய்விடும். அப்பாவின் கத்திக்கு மட்டும்தான் அது அறுந்து விழும். அதில் எனக்கிருந்த பெருமை அவருக்கே இருந்திருக்காது.

எனக்கு எட்டு வயதாகும்போது தம்பி பிறந்தான். அதற்கு முன்னால் அம்மாவின் ஊரான வத்திராயிருப்பில் ஒரு தங்கை பிறந்து, பேர் வைப்பதற்குள் போய்விட்டாள். தலைமாட்டில் இரும்பு வைக்க மறந்ததுதான் காரணம் என்பது பெரியம்மாவின் முடிவு. அம்மாவும் அதை நம்பினாள். அதனால் இந்தப் பிரசவத்தை எங்கள் ஊரிலேயே வைத்துக்கொண்டு, அப்பாவின் கத்தியைக் கேட்டு வாங்கித் தம்பியின் தலையணைக்கு அடியில் செருகினார்கள். பெரியம்மா என்னிடம் தனியாகச் சொன்னாள்.

"இரும்பு இல்லன்னா செத்த நேரம் போதும்ட்டி. காத்து கருப்பு வந்து கொண்டுபோயிரும்."

அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த அறை ஜன்னல் திரை அசைந்தாலே போதும், கத்தி இருக்கிறதா என்று தலையணைக்கு அடியில் கையை விட்டு விட்டுப் பார்ப்பேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமா ஒரு புதுக் கத்தியோடு வந்தார். வீசிய முதல் வீச்சிலேயே நூல் அறுந்து விழுந்தது. சித்தப்பா வாயைப் பிளந்தார். "ஒன் கத்திய எடு மச்சான், பாத்துருவோம்" என்றார் மாமா.

"அது டூட்டியில இருக்கு" என்று சொல்லிவிட்டு, குடிக்கக் கலர் வாங்கி வருவதாக அப்பா கடைக்குப் போய்விட்டார்.

அம்மாவைப் பெரியம்மா பின்கட்டில் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். தம்பிக்கு நான்தான் காவல். மாமா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"ஒங்கப்பா கத்தி எங்கட்டி டூட்டி பாக்குது?"

"தம்பி தலமாட்டுல."

"செத்த எடுத்துட்டு வா தாயி. ஒரு வீச்சு வீசிட்டுத் தந்துருதேன். இல்ல, தோத்துருவோம்னு ஒங்கப்பா ஒளிச்சு வச்சிருக்காரா?"

அந்தக் கடைசிப் பேச்சு எனக்குப் பொறுக்கவில்லை. கத்தியை உருவிக்கொண்டு, அதற்குப் பதிலாகப் பெட்டிச் சாவியை அங்கே வைத்துவிட்டு ஓடினேன். மாமா கத்தியை வாங்கி விரித்த பிறகுதான் அந்தச் சாவி பித்தளை என்பது உறைத்தது. உள்ளே ஓடினால் இரும்பு இங்கே இருக்கிறது. இங்கே நின்றால் தம்பி அங்கே தனியாகக் கிடக்கிறான்.

கலர் பாட்டில்களோடு திரும்பிய அப்பா, மாமாவின் கையில் இருந்த கத்தியைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

மாமா வீசினார். நூல் அலகோடு போய் ஆடியது. மறுபடி வீசினார். மறுபடியும் ஆடியது. முடியிருந்த வலது கையில் வைத்து இழுத்தார். ஒரு முடிகூட விழவில்லை. "என்னண்ணே, கத்தியா, இல்ல அகப்பையா?" என்று சித்தப்பா சிரித்தார். எனக்கு அழுகை முட்டியது. நான் எடுத்ததால் கத்தியின் சக்தி போய்விட்டது, சக்தி போன இரும்பைத் திரும்ப வைத்து இனி என்ன புண்ணியம் என்று தோன்றியது.

மாமாவும் சிரித்துக்கொண்டேதான் அலகை வெயிலில் பிடித்துப் பார்த்தார். பெருவிரலால் அதை ஒருமுறை மெல்லத் தடவினார். சிரிப்பு நின்றது. அப்பாவைப் பார்த்தார், அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாமா சத்தம் வராமல் கத்தியை மடக்கினார்.

"போதும்ப்பா. எடுத்த எடத்துலயே வச்சிரு தாயி."

தம்பி அசையாமல் கிடந்தான். மூச்சு விடுகிறானா என்று பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை. தொடையில் கிள்ளினேன். வீரிட்டு அழுதான். அந்த அழுகையைக் கேட்டு நானும் அழுதேன். ஈரத் தலையோடு ஓடிவந்த அம்மாவுக்கு எங்கள் இருவரில் யாரை முதலில் தூக்குவது என்று தெரியவில்லை. கத்தி மட்டும் அதற்குள் தலையணைக்கு அடியில் போய்விட்டது.

தம்பிக்கு இப்போது முடி நரைக்கத் தொடங்கிவிட்டது. அன்று ஆடிய அந்த நூலை நினைத்து நான் வெகுநாள் பயந்திருக்கிறேன். தலையணைக்கு அடியில் சும்மா கிடக்கும் கத்தி மழுங்காது என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. மாமாவுக்கு அது அன்றே புரிந்திருக்கிறது. நல்ல அலகைக் கல்லில் குறுக்கே வைத்து, கையில் படுகிற கூர் அத்தனையும் போகும்வரை யாரோ பொறுமையாகத் தேய்த்திருக்க வேண்டும். அம்மா காத்து கருப்புக்குப் பயந்து கேட்டபோது அப்பா ஒரு வார்த்தை மறுக்காமல் கொடுத்தார். ஆனால் அவர் பயந்தது காற்றுக்கு இல்லை, தன் கையால் செய்த அந்தக் கத்திக்குத்தான். அன்று வாசலில் என்னோடு சேர்ந்து, குட்டு உடைந்துவிடுமோ என்று இன்னொருவரும் நடுங்கிக்கொண்டு நின்றிருந்தார் என்பது எனக்குத் தெரியவில்லை.