ஆடிக்குள் போக வேண்டிய நீல வண்டி

பைக் ஷோரூமுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பைக் வாங்க வருவதில்லை. இன்னொரு கம்பெனி பைக்கை வாங்கலாமா என்று நம்மிடமே யோசனை கேட்க வருகிறார்கள். புடவைக் கடையில் நூறு புடவையைப் பிரித்துக் காட்டிவிட்டு நூறையும் திரும்ப மடித்து வைத்தவர்களே, செல்போன் கடையில் தொண்டை வறளப் பேசிவிட்டு 'ஆன்லைன்ல பாத்துக்கறோம்' என்ற பதிலை வாங்கிக்கொண்டவர்களே, இது உங்களுக்காகத்தான். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம்.

எங்கள் ஷோரூம் உத்திரமேரூரில், காஞ்சிபுரம் சாலையில் இருக்கிறது. என் பெயர் வளர்மதி. ஸ்போர்ட்ஸ் பைக் பிரிவு என் பொறுப்பு. பிரிவு என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஒரு மர மேடை, அதன்மேல் முந்நூறு சிசியில் ஒரே ஒரு நீல வண்டி, பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதில் நான். காட்டுவதற்கும் அதுதான், டிரேடு நம்பர் என்கிற தற்காலிக நம்பர் மாட்டி ஓட்டிப் பார்க்கக் கொடுப்பதற்கும் அதுதான். மீதி இடமெல்லாம் ஸ்கூட்டரும் நூறு சிசி வண்டியும் நிற்கும். அவை நாம் வாயைத் திறக்காமலே விற்றுவிடும்.

சித்திரை மாதம் மேனேஜர் கூப்பிட்டுச் சொன்னார். ஆடி பிறப்பதற்குள் நீல வண்டி போயாக வேண்டும். போகாவிட்டால் மேடையைப் பிரித்துவிட்டு வண்டியைக் காஞ்சிபுரம் கிளைக்கு அனுப்பிவிடுவார், என்னைப் பழையபடி போன் சீட்டுக்கு அனுப்பிவிடுவார். அந்தச் சீட்டில் நான் இரண்டு வருஷம் உட்கார்ந்திருக்கிறேன். 'உங்க வண்டிக்கு சர்வீஸ் தேதி வந்துடுச்சு சார்' என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை சொல்ல வேண்டும். கேட்கிறவர்களில் பாதிப் பேர் நம்மை லோன்காரி என்று நினைத்துத் திட்டுவார்கள். ஆடியில் எங்கள் பக்கம் யாரும் புது வண்டி எடுக்க மாட்டார்கள். ஆக, கையில் இருந்தது மூன்று மாதம்.

சார் இல்லையா?

முதலில் வந்தவர் சாலவாக்கத்துக்காரர். வெள்ளைச் சட்டை, கையில் இரண்டு போன். உள்ளே வந்ததும் என்னைத் தாண்டிப் பார்த்து, "சார் இல்லியா?" என்றார். சார் சாப்பிடப் போயிருக்கிறார், இந்த வண்டிக்கு நான்தான் என்றேன். சரி என்று உட்கார்ந்தார். இன்ஜினிலிருந்து ஆரம்பித்து பிரேக், கிளட்ச், டயர், வாரண்டி வரை அரைமணி நேரம் சொன்னேன். செங்கல்பட்டில் விற்கிற இன்னொரு கம்பெனி வண்டியை விட இது எங்கே ஒசத்தி, எங்கே மட்டம் என்பதையும் ஒளிக்காமல் சொன்னேன். மனுஷர் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். ஆஹா, மூன்று மாதம் எதற்கு, முதல் வாரத்திலேயே முடிந்தது வேலை என்று நினைத்தேன்.

எழுந்து நேராக வாசலுக்குப் போய் எங்கள் வாட்ச்மேனிடம், "அண்ணே, அந்தப் பொண்ணு சொல்றதெல்லாம் நெஜந்தானா?" என்று கேட்டார். வாட்ச்மேன் பாவம், தனக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது என்று உண்மையைச் சொன்னார். அதற்கும் அவர் அசரவில்லை.

"அது இருக்கட்டும்ணே. ஒரு ஆம்பளையா நீ சொல்லு, வண்டி எப்டிக் கீது?"

இன்னா குடுக்கும்?

எங்கள் ஊரில் எந்த வண்டியின் முன்னால் நின்றாலும் முதல் கேள்வி இதுதான். பக்கத்து ஊரான பெருநகரில் கடலை வியாபாரம் செய்கிறவர் ஒருவர் நீல வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார், டேங்கைத் தட்டிப் பார்த்தார், பிறகு கேட்டார். லிட்டருக்கு முப்பது கிலோமீட்டர் என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. தன்னுடைய நூறு சிசி வண்டி அறுபதுக்கு மேல் கொடுப்பதாகவும், அதுவும் மூட்டையோடு கொடுப்பதாகவும் சொன்னார். ஸ்போர்ட்ஸ் பைக்கை அதோடு ஒப்பிடக் கூடாது, இந்த சைஸில் எல்லாக் கம்பெனியும் கிட்டத்தட்ட இவ்வளவுதான் கொடுக்கும், இதில் பார்க்க வேண்டியது பிக்கப்பும் பிரேக்கும் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு எழுந்தார்.

"நீ சொல்றது சரிதாம்மா. அப்டியே ஒரு பெட்ரோல் பங்க்கையும் சேத்துக் குடுத்துடு, எடுத்துக்கறேன்."

மூட்டை டெஸ்ட்

இதை நான் மேனேஜரிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை. கேமராவில் போட்டுக் காட்டிய பிறகுதான் நம்பினார்.

திருப்புலிவனத்துக்காரர், நாலு ஏக்கர் நெல் வைக்கிறவர். மகனுக்கு வண்டி எடுக்க வந்தார். மகன் வரவில்லை, யூரியா மூட்டையோடு வந்தார். பக்கத்து உரக்கடையில் வாங்கியதாம். வண்டி யாருக்கு வேண்டுமானாலும் இருக்கட்டும், வீட்டுக்கு வந்த வண்டி மூட்டை தூக்கித்தானே ஆக வேண்டும் என்று கேட்டார். நான் தடுப்பதற்குள் மூட்டை பின் சீட்டில் ஏறிவிட்டது. அந்த சீட் பின்பக்கம் தூக்கி, முன்பக்கம் சரிவாக இருக்கும். மூட்டை வழுக்கிக்கொண்டு ஓட்டுகிறவர் இடத்துக்கு வந்து உட்கார்ந்துகொண்டது. டேங்க் மேல் வைத்துப் பார்த்தார், ஹேண்டில் திரும்பவில்லை. நீல பெயின்ட் மேல் யூரியா. நான் துணியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன்.

இதே மாதிரி ஒரு மூட்டையைச் செங்கல்பட்டு ஷோரூமிலும் வைத்துப் பார்த்ததாகவும் அங்கே அசையாமல் நின்றதாகவும் சொன்னார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அந்த வண்டியின் பின் சீட் இதைவிடச் சின்னது, அதில் மூட்டை நிற்கவே நிற்காது, என்னிடம் கதை விடாதீர்கள் என்று சொல்லிவிட்டேன்.

"மூட்டை நின்னுச்சும்மா, சத்தியமா. வண்டிதான் வுய்ந்துச்சு."

மேலே இருந்து பார்த்தால்

வைகாசியில் காஞ்சிபுரத்திலிருந்து ஒரு பட்டு நெசவுக் குடும்பம் வேனில் வந்து இறங்கியது. ஒன்பது பேர். கல்யாண மாப்பிள்ளைக்கு வண்டி. மாப்பிள்ளைக்கு நீல வண்டி முதல் பார்வையிலேயே பிடித்துவிட்டது. உட்கார்ந்து, கண்ணாடியில் முகம் பார்த்து, போட்டோகூட எடுத்துக்கொண்டார். பில் புத்தகத்தைத் திறந்தே விட்டேன். அப்போதுதான் அவருடைய அத்தை, வரப்போகிற பெண் புடவையோடு இதில் எப்படி உட்காருவாள் என்று கேட்டார்.

உட்காரலாம் என்று சொன்னேன். அது என் தப்பு. அத்தை உட்கார்ந்து பார்த்தே தீர வேண்டும் என்றார். என் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, இரண்டு பேர் கை கொடுத்து, ஒருக்களித்து ஏற்றி உட்கார வைத்தோம். மேடையின் உயரம், அதன்மேல் வண்டியின் உயரம், அதன்மேல் அத்தை. இறங்கத் தெரியவில்லை. நாற்காலியைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். கால் மணி நேரம் அப்படியே இருந்தார். யாரோ காபி வாங்கி வந்து மேலேயே கொடுத்தார்கள். மாப்பிள்ளை அதற்குள் எதிர்வரிசையில் ஒரு ஸ்கூட்டருக்கு முன்பணம் கட்டிவிட்டார். கடைசியில் அத்தை ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"டேய், இங்கேந்து பாத்தா ஓரிக்கையில நம்ம வூடு தெரியும்போலக் கீதுடா."

பதினோரு முறை

எல்லாரையும் மன்னித்துவிடலாம், ஜீவாவை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. மானாம்பதிக்காரன், இருபத்து நாலு வயது, ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை. எந்த ஊர்க்காரர் எந்த வண்டியைப் பற்றி வீடியோ போட்டாலும் பார்த்துவிடுவான். பதினோரு முறை வந்தான். ஒவ்வொரு முறையும் போனில் ஒரு அட்டவணையோடு வந்தான். எடை, சீட் உயரம், இன்ஜின் இழுவை, சர்வீஸ் இடைவெளி, மறுவிற்பனை என்று இருபது வரிசை வைத்திருந்தான். வரும்போதெல்லாம் ஒரு வரிசை கூடியிருக்கும்.

நானும் உள்ளதை உள்ளபடி சொன்னேன். செங்கல்பட்டு வண்டி எடை குறைவு, கிளம்பினால் பறக்கும், ஆனால் நெரிசலில் நின்றால் தொடையில் அனல் அடிக்கும். காஞ்சிபுரத்தில் விற்கிற மூன்றாவது வண்டி விலை குறைவு, ஸ்பேர் எங்கேயும் கிடைக்கும், ஆனால் எண்பதைத் தாண்டினால் கை மரத்துப்போகிற அளவுக்கு அதிரும். எங்கள் வண்டி எடை கூடுதல்தான், ஆனால் மாட்டு வண்டிக்குப் பின்னால் போனாலும் திணறாது, ஹேண்டில் உயரம் என்பதால் தினமும் ஒரகடம் போய் வந்தாலும் முதுகு பிடிக்காது. போடுகிற காசுக்கும் தினப்படி ஓட்டத்துக்கும் உனக்கு இதுதான் சரி என்றேன். ஆனி பாதி போயிருந்தது. மேனேஜர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் போன் சீட்டையும் ஒரு பார்வை பார்த்தார். பதினோராவது முறை ஜீவா வந்து, முடிவு பண்ணிவிட்டேன் என்றான். நான் சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டேன்.

"உங்க வண்டிதான்க்கா பெஸ்ட்டு. ஆனா அடுத்த வருஷ மாடல்ல புதுசா இன்னாமோ வருதாம், அத்தயும் ஒரு தபா கம்பேர் பண்ணிட்டு வந்துடறேன்."

பின் சீட்

ஆடிக்கு மூன்று நாள் இருந்தது. மேடையைப் பிரிக்கத் தச்சருக்குச் சொல்லியாகிவிட்டது. அன்று காலையில் ஒரு அம்மாள் வந்தார். ஐம்பது வயதிருக்கும், காலில் காய்ந்த சேறு. ஜீவாவின் அம்மா, பெயர் தனலட்சுமி. பணம் போடுவது தான்தான் என்று சொல்லிவிட்டு, வண்டியைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். "நீ இத்த ஓட்டுவியா?" என்று கேட்டார்.

மூன்று மாதத்தில் என்னை யாரும் கேட்காத கேள்வி. எனக்கு லைசென்ஸ் இருக்கிறது. தினமும் காலையில் மேடையில் ஏற்றுவதும் சாயங்காலம் இறக்குவதும் நான்தான், பின்பக்க யார்டில் சுற்றியும் பார்த்திருக்கிறேன். ஆனால் ரோட்டில் எடுக்கக் கூடாது என்பது மேனேஜர் உத்தரவு. நான் விழுந்தால் யார் பொறுப்பு என்பார். வாங்குகிறவர் ஆணாக இருந்தால் சாவியை நீட்டிவிடுவார், அவர் விழுந்தால் பரவாயில்லை.

"வாரத்துல நாலு நாளு அவன் பின்னாடி குந்திக்கினுதான் நெலத்துக்கும் பேங்குக்கும் போவணும். அவன் பாக்கற வீடியோல ஒருத்தனாவது பின்னாடி சீட்டப் பத்திப் பேசறானா? நீ ஓட்டு, நான் குந்தறேன்" என்றார் தனலட்சுமி அம்மாள்.

மேனேஜர் காஞ்சிபுரம் போயிருந்தார். எப்படியும் போன் சீட்தான், வருவது வரட்டும் என்று சாவியை எடுத்தேன். தனலட்சுமி அம்மாள் நாற்று நடப் போகிறவர் மாதிரி புடவையை வரிந்து செருகிக்கொண்டு, ஹெல்மெட்டை மாட்டி, இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்தார். ஏரிக்கரை வழியாக எடுத்தேன். பயத்தில் வாய் தானாக விற்பனைக்காரியாகிவிட்டது. இப்போ திருப்பம்மா, ரெண்டாவது கியருக்கு வரேன்; இப்போ ஸ்பீடு பிரேக்கர், மெதுவா ஏத்தறேன் என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டே போனேன். ரோட்டில் பாதியை அடைத்து எள்ளுச் செடி காயப் போட்டிருந்தார்கள், சுற்றிக்கொண்டு போனேன். ஒரு ஆடு குறுக்கே பாய்ந்தது. பிரேக்கைப் பிடித்தேன், வண்டி நேராக நின்றது. என் தோளைப் பிடித்திருந்த கை கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா! விற்கிற பொருளை முதல்முறையாக நானே அனுபவித்தேன். திரும்பி வந்து இறங்கியதும் அவர் முழங்காலை மடக்கி நீட்டிப் பார்த்தார்.

"முட்டி நோவல, முதுகு நோவல. பதினோரு தபா வந்து அவன் இன்னாத்தப் பாத்தான்? பில்ல எய்தும்மா."

முதல் சர்வீஸ்

எழுதினேன். எழுதி முடித்ததும் ஸ்பேர் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன், அது வேறு கதை. தச்சருக்கு வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள். சாவியை எடுத்ததற்கு மேனேஜர் அரைமணி நேரம் திட்டினார். திட்டி முடித்ததும் மேடைக்கு ஒரு சிவப்பு வண்டி சொல்லிவிட்டார். அது வந்த அன்றைக்கே ஒருவர் நுழைந்து சார் இல்லையா என்று கேட்டார்.

ஆடிக் கடைசியில் ஜீவா முதல் சர்வீஸுக்கு வண்டியை விட வந்தான். கையில் போன் இல்லை, முகம் தொங்கிப் போயிருந்தது. வண்டியில் ஏதாவது கோளாறா என்று பதறிப்போய்க் கேட்டேன்.

"வண்டி சூப்பரா கீதுக்கா, எங்கம்மாதான் பேஜார் பண்ணிக்கினு கீது. திருப்பத்துல போனா 'அந்தப் பொண்ணு இங்க ரெண்டாவது கியருக்கு வந்துச்சே, நீ இன்னாடா மூணுல போற'ன்னுது. ஸ்பீடு பிரேக்கர் வந்தா 'அந்தப் பொண்ணு ஏத்தனது தெரியவே இல்ல'ன்னுது. உங்களுக்குப் புண்ணியமாப் போவும், ஒரே ஒரு தபா வூட்டுக்கு வந்து அம்மாவப் பின்னாடி குந்த வச்சிக்கினு கொஞ்சம் மோசமா ஓட்டிக் காட்டுங்கக்கா."

மூன்று வண்டிகளை இருபது வரிசையில் ஒப்பிட்டு என் உயிரை வாங்கிய பையன் இப்போது வாரத்துக்கு நாலு நாள் என்னோடு ஒப்பிடப்படுகிறான் என்பதைவிடப் பெரிய இன்சென்டிவ் இந்தத் தொழிலில் எனக்கு இதுவரை யாரும் கொடுத்ததில்லை.