கீழ்வீட்டுக்காரரிடம் அப்பா கேட்ட கேள்வி

அப்பாவின் முப்பத்தோராம் நாள் கிரியையான அந்தியேட்டியில் இந்நினைவுமலரை உங்கள் கைகளில் தருகிறோம். இந்த நன்றிப் பக்கத்தை மூன்று முறை எழுதி அழித்தேன். குறையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

காரைநகரில் பிறந்த அப்பா, இருபத்திரண்டு வயதில் லண்டன் சென்று, நகரின் கிழக்குப் பகுதியில் ஒரு வெள்ளைக்கார முதியவரின் மாடியறையில் வாடகைக்கு இருந்தார். அப்பா காய்ச்சலில் கிடந்தபோது சூப் வைத்துக் கொடுத்தவர் அவர்தான். ஒருநாள் அம்முதியவரின் இளமைக்காலப் படம் அப்பாவின் கண்ணில் பட்டது. கறுப்புச் சட்டை, அகன்ற இடுப்புப்பட்டி. இரண்டு உலகப்போர்களுக்கும் இடையில், வேலையில்லாத் திண்டாட்டத்துக்கு யூதர்களே காரணம் என்று சொல்லிப் பிரித்தானியாவில் வளர்ந்த பாசிச இயக்கத்தின் உடை அது.

“நல்ல மனுசன். பிறகேன் அந்தச் சட்டையைப் போட்டவர்?”

அக்கேள்வி அப்பாவை விடவேயில்லை. திருமணமாகி ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகருக்கு வந்து, உணவகத்தில் கோப்பை கழுவிய நாட்களிலும் நூலகத்தில் அந்த வரலாற்றைத் தேடி வாசித்தார். அந்தக் கறுப்புச் சட்டைக்காரர்கள் வேலையற்றவர்களுக்குத் தேநீர் கொடுத்ததையும் இளைஞருக்குக் குத்துச்சண்டை பழக்கியதையும் சாப்பாட்டு மேசையில் விவரிப்பார்.

“இஞ்சாருங்கோ, அவங்கள் செத்து எத்தினை வருசம்! சோறு ஆறுது” என்பார் அம்மா.

கடந்த ஆண்டு அப்பாவின் சிறுநீரகங்கள் பழுதாகின. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். கைக்குழந்தையுடன் நான் திண்டாடியபோது, கீழ்வீட்டுக்காரர் தம் காரில் அழைத்துச்செல்ல முன்வந்தார். வெளிநாட்டவரைத் திருப்பி அனுப்பச் சொல்லும் கட்சியின் துண்டுப்பிரசுரங்களை எங்கள் தபால்பெட்டியில் போடுபவரும் அவரே.

“வேண்டாம் அப்பா. டாக்ஸி பிடிப்பம்.”

“பயப்பிடாதை பிள்ளை. லண்டன் கிழவனிட்டைக் கேக்க எனக்கு அப்ப இங்கிலீஷ் காணாது. இவரிட்டைக் கேக்கலாம்.”

முதல்நாள் திரும்பி வந்ததும் விசாரித்தேன். “கேட்டனீங்களோ?”

“ஓம். ‘ஏன் எங்களைத் திருப்பி அனுப்பச் சொல்லுறீங்கள்?’ எண்டு கேட்டன். ‘உங்களைச் சொல்லேல்லை’ எண்டார். ‘அப்ப ஆரை?’ எண்டன். றேடியோச் சத்தத்தைக் கூட்டிவிட்டார்.” அப்பா சிரித்தார்.

அதன்பின் ஒவ்வொரு பயணத்திலும் கேட்டாராம். ஒவ்வொரு முறையும் றேடியோதான். ஆனாலும் கீழ்வீட்டுக்காரர் ஒருநாளும் வராமல் விட்டதில்லை. அப்பா கண்மூடிய காலையிலும் காருடன் வாசலில் நின்றார். செய்தியைச் சொன்னதும் தொப்பியைக் கழற்றிவிட்டு, காரின் மேல் கைவைத்தபடி அழுதார்.

அப்பாவைப் பராமரித்த தாதியருக்கும், சமைத்து அனுப்பிய அக்காமாருக்கும், கிரியைகளில் தோள்கொடுத்த உறவுகளுக்கும் எங்கள் நன்றி.

கீழ்வீட்டுக்காரரை இங்கே சேர்ப்பதா என்றுதான் மூன்று முறை அழித்தேன். சேர்த்தால் இந்நாட்டில் வளரப்போகும் என் மகளுக்குச் செய்யும் பிழையோ, விட்டால் அப்பாவுக்குச் செய்யும் பிழையோ, இன்னமும் தெரியவில்லை. ஆகவே அவருக்கான வரிகளைக் கீழே ஜெர்மன் மொழியிலும் அச்சிட்டிருக்கிறோம். மலரை நானே கொண்டுபோய்க் கொடுப்பேன்.

“எங்கள் அப்பாவைப் பத்திரமாகக் கூட்டிச்சென்றீர்கள், நன்றி. அவர் கேட்டதற்குரிய பதிலை இனி எனக்குச் சொல்லுங்கள்.”