அத்தானின் விசில்

என் அத்தான் முப்பத்தொரு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர். அவர் ஓய்வு பெற்று எட்டு மாதமாகிறது. சட்டைப் பையில் இருக்கும் விசிலுக்குத்தான் இன்னும் ஓய்வு கிடைக்கவில்லை. ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு என்றால் கிளம்பு. வீட்டில் அக்கா தலை வாரிக்கொண்டிருக்கும்போதே வாசலில் இரண்டு விசில் கேட்கும். பாதிப் பின்னலோடு ஓடி வருவாள்.

நாங்கள் மூவரும் வேனில் சுற்றுலா போனதும் அந்த லட்சணத்தில்தான். ஆறு நாளில் எட்டு ஊர். அருவிக்கு ஏழு நிமிஷம். அதில் மூன்று நிமிஷம் நான் செருப்பைத் தேடினேன். எந்த ஊரிலும் அக்கா ஒரு டம்ளர் காபியை முழுசாகக் குடித்ததில்லை. பார்க்கவே பாவமாக இருந்தது. ஏழாம் நாள் ஏரிக்கரையில் கூடாரம் போட்டதும் மடக்கு நாற்காலியைப் பிரித்து உட்கார்ந்துவிட்டாள்.

“மூணு நாள் இங்கேருந்து அசைய மாட்டேன். கிளம்புன்னு ஒரு வார்த்தை வந்துச்சு, இனிமே உங்ககூட எங்கேயும் வரமாட்டேன்.”

அத்தான் வெலவெலத்துப் போனார். அக்கா சொன்னால் செய்கிறவள்.

முதல் நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். கூடாரக் கயிற்றை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினார். மறுநாள் காலை ஒரு சுற்றுலா பஸ் வந்து நின்றது. இருபது பேர் இறங்கி ஏரியில் குதித்தார்கள். டிரைவர் ஸ்டியரிங்கில் தலை வைத்துத் தூங்கினார். சோப்பை மறந்த ஓர் அம்மாள் மட்டும் திரும்பி வந்து பஸ்ஸில் ஏறினாள். கடைசி ஆள் ஏறியாச்சு என்று அத்தானின் கைக்குத் தோன்றிவிட்டது போலிருக்கிறது. இரண்டு விசில் ஊதிவிட்டார்.

டிரைவரும் அதே தொழில்காரர்தானே. கண்ணைத் திறந்தாரோ இல்லையோ, பஸ் கிளம்பிவிட்டது. நிறுத்தச் சொல்லி அத்தான் ஊதப் பார்த்தார். வாய் உலர்ந்து வெறும் காற்றுதான் வந்தது. வேனை எடுத்துக்கொண்டு துரத்தினார்.

குளித்தவர்களின் மாற்றுத்துணியெல்லாம் பஸ்ஸோடு போய்விட்டது. எங்கள் துண்டு, போர்வை எல்லாவற்றையும் கொடுத்தோம். அக்கா எழுந்து, ஒற்றை அடுப்பில் பத்தொன்பது பேருக்கு டீ போட்டாள். அவள் நாற்காலியில் ஈரத்துணியோடு ஒருவர் சாவகாசமாக உட்கார்ந்து, “இன்னும் கொஞ்சம் சக்கரை போடும்மா” என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மதியம்தான் பஸ் திரும்பியது. சோப்பு அம்மாள் ஜன்னலோரமாக உட்கார்ந்து வந்தாள். “ரோடு நல்லா இருக்கு” என்றாள். பின்னாலேயே வந்த அத்தான் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு இறங்கினார். அக்கா கையை நீட்டினாள். விசிலைக் கொடுத்துவிட்டார்.

மூன்று நாள் முடிந்த காலை, அத்தான் கூடாரம் முதல் கரண்டி வரை வேனில் ஏற்றினார். நாற்காலி மட்டும் மிச்சம், அதில் அக்கா. கிளம்பு என்று சொல்ல அவருக்குத் தைரியம் இல்லை. இன்ஜினை ஸ்டார்ட் செய்துவிட்டு நேரே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா காபியை அடிவரை குடித்தாள். டம்ளரைக் கீழே வைத்தாள். விசிலை எடுத்து ஊதினாள்.

ஒரே ஒரு விசில்.

அத்தான் சட்டென்று இன்ஜினை நிறுத்தினார். ஆயுள் முழுக்க ஊதியே பழகிய மனுஷன், முதல் தடவையாகப் பயணி மாதிரி ஜன்னல் வழியே தலையை நீட்டினார்.

“வண்டி எவ்வளவு நேரம் நிக்கும்?”

“சொல்றேன். முதல்ல கூடாரத்தை இறக்குங்க.”