மூடிக் கிடக்கும் பெண்கள் கவுண்ட்டர்

மயிலாப்பூர், 1977. காலை பதினோரு மணி. அலுவலக வேலையாகத் திருச்சியிலிருந்து வந்திருக்கிறேன். அடையாறு பஸ் வரத் தாமதமாகிறது. எதிரே இருக்கும் சினிமாக் கொட்டகைப் பக்கம் நடக்கிறேன். கல்யாணமான புதிதில் மனைவியோடு இங்கே சாமி படம் பார்த்திருக்கிறேன். இப்போது போஸ்டரில் ‘வயது வந்தோருக்கு மட்டும்’ என்று போட்டிருக்கிறது. வரிசையில் நிற்கும் ஆண்கள் தெருவுக்கு முதுகைக் காட்டுகிறார்கள். ஒருவர் செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டிருக்கிறார். பெண்கள் கவுண்ட்டரைப் பலகை அடித்து மூடிவிட்டார்கள்.

அதன் முன்னால் நடுவயது அம்மாள் ஒருவர் பெருக்கிக்கொண்டிருக்கிறார். பன்னிரண்டு வருஷம் அந்தக் கவுண்ட்டரில் டிக்கெட் கொடுத்தது தான்தான் என்கிறார்.

“ஏசி கொட்டாய்ங்க வந்தப்புறம் குடும்பம்லாம் அங்க பூட்ச்சி சார். மொதலாளி இந்தப் படத்தப் போட்டாரு, கொட்டாய் பொழச்சிக்கிச்சு. என் கைல தொடப்பத்த குட்த்துட்டாரு.”

“வேற எடம் பாக்கக் கூடாதாம்மா?”

“பாத்துக்கினுதான் கீறேன். பொண்ணுக்கு நிச்சயம் ஆயிருந்துச்சு. ஆத்தாக்காரி இந்தக் கொட்டாய்ல வேல செய்றான்னு போன மாசம் வேணான்ட்டாங்க.”

“யாரு போய்ச் சொன்னாங்க?”

“யாரும் சொல்லல சார். பையனோட அப்பாவே காலை ஆட்டம் பாக்க வந்தாரு. நான் இங்கதான் பெருக்கிக்கினு இருந்தேன்.”

துடைப்பத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறார்.

“சம்பந்தியாச்சேன்னு வணக்கம் வேற வெச்சேன்.”