கான் பாய் கேட்ட திருத்தம்

செவ்வாய்க்கிழமை காலை பால் வாங்கிக்கொண்டு திரும்பும்போது கைபேசி அடித்தது. "மாமா, அப்பா போயிட்டாருங்க" என்றாள் கான் பாயின் மகள். கோவை உக்கடத்தில் நாற்பது ஆண்டுகள் கடிகாரம் பழுது பார்த்த யூசுப் கானை நம் வாசகர் வட்டத்தில் அறியாதவர் இல்லை. மூன்று ஆண்டுகளாக எங்களுக்குள் மனத்தாங்கல் என்பதும் உங்களுக்குத் தெரியும். காரணம், நான் எழுதிய ஒரு வரி.

அவருடைய பாட்டனார் பெருங்காயமும் கம்பளியும் விற்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர். பட்டாணியரில் அஃப்ரிதி இனம். கைபர் கணவாய்ப் பக்கத்து மலைக்காரர்கள். அந்த இனத்தில் எட்டுக் கிளைகள். கிளையைக் 'கேல்' என்பார்கள். கான் பாய் மலிக்தீன் கேல். கோடையில் தீரா மலை, குளிர் வந்தால் ஆடுமாடுகளோடு கீழே பெஷாவர்ச் சமவெளி என்று நேரில் பார்த்தவர்போலச் சொல்வார். போயிருக்கிறீர்களா என்று கேட்டால், "வடக்கே நான் போனது பவானி வரைக்குந்தானுங்க, ஜமக்காளம் வாங்க" என்று சிரிப்பார்.

என்னைப் பங்காளி என்றே அழைப்பார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "எங்க ஆளுககிட்ட சித்தப்பன் மகன்தானுங்க மொத எதிரி. ஊட்டு ஆளும் அவன்தான், மல்லுக்கு நிக்கறவனும் அவன்தான். உங்களுக்கு வேறெந்த மொறை வெக்கறது?" என்றார்.

நான் எட்டாம் வகுப்போடு மில்லுக்குப் போனவன். படித்ததெல்லாம் நூலகத்தில், நானாக. பட்டம் வாங்கியவர்கள் என் கட்டுரைகளைப் புரட்டியும் பார்த்ததில்லை. அந்த ஆத்திரம் இன்றும் உண்டு. அதோடுதான் நம் ஆண்டு மலருக்கு அஃப்ரிதிகளைப் பற்றி எழுதினேன். ஒரே கேலில் பிறந்தவர்கள் அண்ணன் தங்கை முறை, அவர்களுக்குள் மணம் கிடையாது என்று அதில் எழுதினேன். எங்கள் சாதியில் ஒரே கூட்டத்துக்குள், அதாவது ஒரே குலத்துக்குள், பெண் எடுப்பதில்லை; அங்கும் அப்படித்தான் இருக்கும் என்று நானே முடிவு கட்டினேன். வாரந்தோறும் எதிரில் உட்காருகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மலர் வெளியான அன்று எல்லோர் முன்னிலையிலும் அவர் சொன்னார்: "ஏனுங்க பங்காளி, எம்பட ஊட்டுக்காரி எங்க சித்தப்பா பொண்ணுங்க. நீங்க எழுதுனதப் பாத்தா எங்க கல்யாணமே செல்லாதாட்ட இருக்குதே!" எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு வீம்பு ஏறியது. அச்சானது அச்சானதுதான் என்றேன்.

சிரிப்போடு அது போகவில்லை. யாரோ ஒரு பெண்மணி மலரைக் கையில் வைத்துக்கொண்டு அவர் மனைவி ஆயிஷா அம்மாவிடமே, "நீங்க அண்ணன் தங்கச்சி மொறைங்களா?" என்று கேட்டிருக்கிறார். கான் பாய் என்னைத் தனியே அழைத்தார். "எனக்காக வேண்டாமுங்க. அவளுக்காக ரெண்டு வரி திருத்தம் போடுங்க." நான் மறுத்தேன். அடுத்த இரண்டு மலர்களும் திருத்தமில்லாமல் வந்தன.

'நனவாத்தே' என்று அவர்களிடம் ஒரு வழக்கம். தவறு செய்தவன் எதிராளியின் வீட்டுப் படியேறி மன்னிப்புக் கேட்டால் மறுக்கலாகாது. இதை மட்டும் சரியாகத்தான் எழுதியிருந்தேன். போன ஆடியில் அவர் கைத்தடியோடு என் வீட்டுக்கு வந்தார். "தப்பு செஞ்சவன்தான் படியேறோணும். நீங்க ஏற மாட்டீங்க. அதனால உங்களுக்குப் பதிலா நானே ஏறி வந்துட்டனுங்க. சீக்கிரம் மன்னிப்பு கேட்டுப்போடுங்க, முட்டி வலிக்குது" என்றார். காப்பி கொடுத்தேன். மழை பற்றிப் பேசினேன், முட்டி வலிக்குத் தைலம் சொன்னேன். கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை.

செவ்வாயன்று அவர் வீட்டுப் படியேறினேன். ஆயிஷா அம்மா திரைக்குப் பின்னாலிருந்து, "வந்துட்டீங்களாண்ணா? பங்காளி வருவாரு, வருவாருன்னே இருந்தாருங்க" என்றார். மகள் கையில் கான் பாயின் மலரைக் கொடுத்தனுப்பினார். அந்த வரியை அவர் அடிக்கவில்லை. அதன் பக்கத்தில், இரண்டு வரிக்கு இடம் வருமாறு வெள்ளைத் தாளை வெட்டி ஒட்டி வைத்திருந்தார்.

நான் எழுதியது பிழை. அஃப்ரிதிகள் தம் கேலுக்குள்ளேயே மணம் செய்வார்கள்; சித்தப்பா மகளை மணப்பது அவர்களுக்கு முறை, மரியாதையும்கூட. யூசுப் கானும் ஆயிஷாவும் முறைப்படி மணந்தவர்கள்.

இதையே அந்தத் தாளிலும் என் கையால் எழுதினேன். இரண்டு வரியில் அடங்கவில்லை. அந்த மலர் இனி என்னிடம் இருக்கும்.